கலைச்சொல் விவாதம்: ‘நிறையிட்ட அடர்த்தி’க்குப் பதில் ‘வாழ்செறிவு’

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க நகரங்களை ஒப்பிட்டு எழுதும் கட்டுரைக்கு ஒரு சொல் கேட்டிருந்தேன்: ஓர் ஊரின் மக்கள் சராசரியாக எவ்வளவு அடர்ந்த வட்டாரத்தில் வாழ்கிறார்கள் என்று காட்டும் அளவுக்கு (ஆங்கிலத்தில் population-weighted density) ஒரு தமிழ்ச்சொல். பலரும் நேரம் ஒதுக்கி எழுதியிருக்கிறீர்கள், நன்றி. எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது வெறும் சொல் சிக்கல் இல்லை. சொல் சரியாக அமையாவிட்டால் படிப்பவருக்குக் கருத்தே தலைகீழாகப் போய்விடும்.

முதலில் கோவை ஐயாவின் கேள்வி:

> நியூயார்க்கைவிட லாஸ் ஏஞ்சலிஸ் அடர்த்தியானது என்று வரைவில் எழுதியிருக்கிறீர்களே, தட்டச்சுப் பிழையா?

பிழை இல்லை ஐயா. 2010 கணக்கெடுப்பின்படி நியூயார்க்–நுவார்க் நகர்ப்புறப் பகுதி முழுவதையும் எடுத்தால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 2,050 பேர். லாஸ் ஏஞ்சலிஸ் நகர்ப்புறப் பகுதியில் சுமார் 2,700 பேர். இந்த எண்கள் சரியானவை. ஆனால் இரண்டு ஊரிலும் கால் வைத்த எவரும் இதை நம்பமாட்டார். நான் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் நான்கு ஆண்டு இருந்துவிட்டு நியூயார்க்கை ஒட்டிய நியூ ஜெர்சிக்கு வந்தவன். அங்கே பால் வாங்கவும் கார் எடுக்க வேண்டியிருந்தது. இங்கே நான் முதலில் குடியிருந்த யூனியன் சிட்டியில் வீட்டு வாசலை விட்டு இறங்கினால் கடை, சலூன், மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம் எல்லாம் ஒரே தெருவில்.

எண் ஏன் வேறு மாதிரி சொல்கிறது? நியூயார்க் நகர்ப்புறப் பகுதி, நகரின் மையத் தீவான மன்ஹாட்டனோடு முடிவதில்லை. லாங் ஐலண்ட், கனெக்டிகட்டின் தென்மேற்கு மூலை, நியூ ஜெர்சியின் உட்புறம் வரை பரந்து சுமார் 8,900 சதுர கிலோமீட்டர் வருகிறது. அந்த ஓரங்களில் அகலமான புல்வெளிக்கு நடுவே ஒற்றை வீடு, அடுத்த வீட்டைப் பார்க்க மரங்களை விலக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸோ மலைக்கும் கடலுக்கும் நடுவே அடைபட்ட ஊர். புறநகரிலும் சின்னச் சின்ன மனைகள், வேலியோடு வேலியாக வீடுகள். மிக அடர்ந்த இடமும் குறைவு, மிக வெறிச்சோடிய இடமும் குறைவு. சராசரி எடுத்தால் லாஸ் ஏஞ்சலிஸ் ஜெயிக்கிறது.

இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் இன்னொரு அளவு வந்தது, நாம் பெயர் தேடுவதும் அதற்குத்தான். ஊரைச் சிறு வட்டாரங்களாகப் பிரிக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு கணக்கெடுப்பு வட்டாரத்தில் சராசரியாக 4,000 பேர் அளவில் இருப்பார்கள். ஒவ்வொரு வட்டாரத்தின் அடர்த்தியையும் கண்டு, அங்கே எத்தனை பேர் வாழ்கிறார்களோ அந்த அளவுக்கு அதற்கு முக்கியத்துவம் (‘நிறை’) கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள்.

சிறு கணக்கு ஒன்று. ஒரு சதுர கிலோமீட்டர் வட்டாரம் இரண்டு. ஒன்றில் 9,000 பேர், மற்றதில் 1,000 பேர். வழக்கமான அடர்த்தி 5,000. ஆனால் பத்தில் ஒன்பது பேர் 9,000 அடர்த்தியில் வாழ்கிறார்கள், ஒருவர் மட்டும் 1,000இல். அப்படிப் பார்த்தால் 8,200 வரும். இப்போது ஊர் எல்லையை விரித்து, ஆள் இல்லாத எட்டு சதுர கிலோமீட்டர் பொட்டல் காட்டைச் சேர்த்துவிடுங்கள். வழக்கமான அடர்த்தி 1,000ஆக விழுந்துவிடும். இரண்டாவது அளவு அதே 8,200. யாரும் வீடு மாறவில்லை, யாருடைய தெருவும் மாறவில்லை, அதனால் இந்த அளவும் மாறவில்லை.

2010 தரவை வைத்து அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையே 2012இல் இந்த அளவை வெளியிட்டது. பெருநகரப் பகுதி வாரியாக, சதுர கிலோமீட்டர் கணக்கில் மாற்றினால், நியூயார்க் சுமார் 12,000. லாஸ் ஏஞ்சலிஸும் சான் பிரான்சிஸ்கோவும் கிட்டத்தட்ட சமமாக 4,700. சிகாகோ 3,300. (மேலே சொன்ன நகர்ப்புறப் பகுதியின் எல்லையும் இந்தப் பெருநகரப் பகுதியின் எல்லையும் ஒன்றல்ல, கட்டுரையில் இதைக் குறிப்பிடுவேன்.) நியூயார்க் இரண்டரை மடங்கு மேலே போய்விட்டது பாருங்கள். கண்ணும் காலும் சொல்வது இதைத்தான்.

சரி, இனி சொல்லுக்கு வருகிறேன்.

> நிறையிட்ட அடர்த்தி என்றே வைத்துக்கொள்ளலாமே. நிறையிட்ட சராசரி பாடநூலில் இருக்கிறதே.

இதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் சொல், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அடர்த்தியோடு சேரும்போது இடறுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளியில் நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி என்று படித்த பிள்ளைக்கு, ‘நிறையிட்ட அடர்த்தி’ என்றால் அந்த இயற்பியல் நிறைதான் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்து அக்கா சரியாகச் சுட்டிக்காட்டினார்: இலங்கைப் பாடநூலில் நாம் நிறை என்பது திணிவு, நாம் எடை என்பது நிறை. ஆக ஒரே சொல் பாக்கு நீரிணைக்கு இந்தப்பக்கம் ஒன்றும் அந்தப்பக்கம் வேறொன்றுமாக இருக்கிறது. அதன் மேல் ஒரு புதுச்சொல்லைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. அப்புறம், இந்தச் சொல் கணக்குப் போடும் முறையைத்தான் சொல்கிறது, என்ன அளக்கிறோம் என்பதைச் சொல்வதில்லை.

> குடிச்செறிவு

இதை முன்வைத்தவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அடர்த்தியை விட்டுச் செறிவுக்குப் போகலாம் என்ற வழியைக் காட்டியது இந்தச் சொல்தான். கரைசலின் செறிவு என்று இரு நாட்டுப் பாடநூலிலும் ஒரே சொல் இருக்கிறது, அந்தச் சண்டையும் இல்லை. ஆனால் செய்தித் தலைப்பில் ‘குடிச்செறிவு மிக்க நகரம்’ என்று வந்தால் மதுக்கடைப் புள்ளிவிவரம் என்றுதான் பலர் படிப்பார்கள். இலங்கையில் குடித்தொகை, குடிசனம் என்று புழங்குவதால் அங்கே இந்தத் தொல்லை இருக்காது. தமிழ்நாட்டில் இருக்கிறது.

வேதியியல் ஆசிரியர் ஐயா ஒரு மறுப்பு எழுதியிருந்தார். செறிவும் ஒரு சராசரிதானே, கரைசல் முழுவதற்கும் ஒரே எண்தானே, அடர்த்தியிலிருந்து அது எப்படி வேறுபடும் என்று. வேதியியலுக்குள் அவர் சொல்வது சரி. ஆனால் பொது வழக்கில் செறிந்த காடு, செறிந்த கூந்தல் என்னும்போது பொருள்கள் ஓரிடத்தில் ஒன்றுகூடி நெருங்கி நிற்பதைத்தான் சொல்கிறோம், பரப்பால் வகுத்த எண்ணை அல்ல. நமக்கு வேண்டிய பொருள் அந்தப் பொது வழக்கில் இருக்கிறது.

> நெருக்கம், நெரிசல்

இரண்டும் வேண்டாம். நெருக்கம் பரவாயில்லை, ஆனால் உறவையும் குறிக்கும். நெரிசல் முற்றிலும் வேறு கருத்து, அதைக் கட்டாயம் தனியாக வைக்க வேண்டும். அமெரிக்கக் கணக்கில் ஓர் அறைக்கு ஒருவருக்கு மேல் இருந்தால்தான் வீட்டு நெரிசல். மன்ஹாட்டனைப் பாருங்கள். 1910இல் 23 லட்சத்துக்கு மேல் மக்கள், 2020இல் சுமார் 17 லட்சம். இடையில் எழுந்த கட்டடங்களுக்குக் கணக்கில்லை. அங்கே லோயர் ஈஸ்ட் சைட் வட்டாரத்தில் ஓர் அறையில் ஒரு குடும்பமே படுத்துறங்கிய காலத்து நெரிசல் கரைந்துவிட்டது, ஆனாலும் அமெரிக்காவின் மிகச் செறிந்த இடங்களில் ஒன்றாகவே அது இருக்கிறது. ‘செறிவு கூடினால் நெரிசல்’ என்று தமிழ்ச் செய்திகளில் எழுதிவிடுகிறார்கள். செறிவு வட்டாரத்தைப் பற்றியது, நெரிசல் அறையைப் பற்றியது. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் இந்தக் குழப்பத்தை நாமே வளர்த்தவர்களாவோம்.

ஆகவே என் முன்மொழிவு: வாழ்செறிவு.

மக்கள் வாழ்கின்ற செறிவு. வாழ்நாள், வாழிடம் போல வினைத்தொகை. அதனால் நடுவில் ஒற்று மிகாது. சுடுசோறு என்கிறோம், சுடுச்சோறு என்பதில்லை. ‘வாழ்ச்செறிவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அது வேண்டாம். வழக்கமான அளவுக்கு மக்கள் அடர்த்தி என்பதே இருக்கட்டும், எல்லோருக்கும் தெரிந்த சொல். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும் இடத்தில் மட்டும் ‘நில அடர்த்தி’ என்று தெளிவுபடுத்தலாம். அடர்த்தி நிலத்தின் பக்கம் நின்று எண்ணுவது, வாழ்செறிவு மனிதர் பக்கம் நின்று எண்ணுவது. கலைச்சொல் தெரியாத ஒருவரிடம் ‘இந்த ஊரின் வாழ்செறிவு அதிகம்’ என்று சொன்னால் பாதியாவது புரியும் என்று நம்புகிறேன். நேற்று வீட்டில் என் மகளிடம் சொல்லிப் பார்த்தேன். “ஆட்கள் இருக்கிற இடம் அடர்த்தியா இருக்குன்னு அர்த்தமாப்பா?” என்று கேட்டாள். அதற்கு மேல் எனக்கு என்ன சான்று வேண்டும்.

கட்டுரையில் பொருத்திப் பார்த்தேன்:

“ஜாக்சன்வில் 1968இல் டுவால் கவுண்டியோடு (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) இணைக்கப்பட்டது. காடும் சதுப்பும் நகர எல்லைக்குள் வந்ததால் 2020இல் சுமார் ஒன்பதரை லட்சம் மக்களோடு புளோரிடாவின் பெரிய நகரம் அதுவே. நில அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 490. மயாமி நகரில் சுமார் 4.4 லட்சம் பேரே இருந்தாலும் எல்லை சிறியது, அடர்த்தி 4,700ஐத் தாண்டுகிறது. எல்லைக்கோட்டை எங்கே வரைந்தார்கள் என்பதைப் பொறுத்து நில அடர்த்தி ஏறி இறங்கும். வாழ்செறிவை அது அவ்வளவாக அசைக்காது.”

“ஹூஸ்டனின் நடுவில் 75 மாடிக் கோபுரம் உண்டு, ஆனால் நகரின் நில அடர்த்தி 1,400 அளவில்தான். யூனியன் சிட்டியில் பெரும்பாலும் மூன்று, நான்கு மாடி வீடுகளே, அங்கே 20,000க்கு மேல். கட்டட உயரம் வாழ்செறிவுக்கு அடையாளம் ஆகாது.”

வாக்கியத்தில் இடறாமல் நிற்கிறது என்று எனக்குப் படுகிறது.

கடைசியாக, சிங்கப்பூர்த் தம்பி எழுப்பிய கேள்வி: நகரம் என்று ‘உணரச்’ செய்வதற்கு வாழ்செறிவு போதுமா? போதாது. லாஸ் ஏஞ்சலிஸின் கொரியாடவுன் மிகவும் செறிந்த இடம். ஆனாலும் அகலச் சாலைகள், கட்டடத்துக்கு முன்னால் வண்டி நிறுத்தத் திடல். நடப்பவருக்கு அது குறுகிய தெருக்கள் கொண்ட பாஸ்டனின் நார்த் எண்ட் போல இருப்பதில்லை. போர்ட்லாந்தில் ஒரு தெருக்கட்டத்தின் பக்கம் 61 மீட்டர், சால்ட் லேக் சிட்டியில் 201 மீட்டர், சாலையே 40 மீட்டர் அகலம். போர்ட்லாந்தில் ஒரு நிமிடம் நடந்தால் ஒரு சந்தி வந்துவிடும். சால்ட் லேக்கில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். இதற்குச் ‘சந்தி அடர்த்தி’ என்று தம்பி சொன்னது அருமையான சொல், அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இவை எல்லாம் சேர்ந்து தரும் உணர்வுக்கு ‘நகர்மை’ என்று ஒருவர் தந்தார். அழகான சொல்தான், ஆனால் நகர்தல் என்ற வினை குறுக்கே வருகிறது. போக்குவரத்து பற்றிய கட்டுரையில் அதை இயக்கம் என்றே படிப்பார்கள். ‘நகரியம்’ ஏற்கெனவே நெய்வேலி போன்ற குடியிருப்புக்குப் போய்விட்டது. இப்போதைக்கு ‘நகரத்தன்மை’ என்றே எழுதுகிறேன். இதைவிடச் சிறிய, குழப்பம் இல்லாத சொல் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து தாருங்கள்.

யாழ்ப்பாணத்து அக்காவிடம் ஒரு வேண்டுகோள்: அங்கே ‘வாழ்செறிவு’ வேறு எந்தப் பொருளிலாவது புழங்குகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். தடை இல்லை என்றால் வரும் ஞாயிறு கட்டுரையில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து