அரசியல் பேரணிக்குத் துப்பாக்கியை வெளியே தெரியும்படி கொண்டுவருவது சரியா?

முல்லைநிலவன் (கேள்வி)

அமெரிக்காவில் பல மாநிலங்களில் துப்பாக்கியை மறைக்காமலே பொது இடத்தில் நடமாடலாம். அரசியல் பேரணிக்கும் அப்படியே வருகிறார்கள். சட்டம் தடுக்கவில்லை என்பது ஒன்று, கூட்டத்துக்கு அது பொருந்துமா என்பது வேறொன்று. பேரணி நடத்தும் குழு "ஆயுதம் வேண்டாம்" என்று சொன்னால் அது செல்லுமா? டெக்சாஸ், வாஷிங்டன் மாநிலம் இரண்டையும் வைத்து யாராவது விளக்கினால் நல்லது.

சட்டமணி

பாதிக் குழப்பம் சட்டத்தில்தான், அதிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டுக்கு வெளியேயும் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2022இல் புரூயன் வழக்கில் உறுதிசெய்தது. சட்டமன்றம், வாக்குச்சாவடி, நீதிமன்றம் போன்ற இடங்களில் தடை போடலாம் என்றும் அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது. பேரணி அந்த வரிசையில் இல்லை. ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

வாஷிங்டனில் 2021 முதல், அனுமதி பெற்ற ஆர்ப்பாட்டத்தில் ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்தக் கூடாது. அதன் எல்லையிலிருந்து 250 அடிக்குள் நிற்பவரையும், போலீஸ் எடுத்துச்சொல்லி விலகிப்போகச் சொன்ன பிறகு, அந்தத் தடை கட்டுப்படுத்தும். இங்கே 'அனுமதி பெற்ற' என்பதைக் கவனியுங்கள். பெர்மிட் எடுக்காமல் கூடிவிட்டு இந்தச் சட்டத்தை நம்பி நிற்காதீர்கள். மறைத்து வைத்திருக்கும் துப்பாக்கி இதில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டெக்சாஸ் நேர் எதிர். 2021 செப்டம்பரிலிருந்து, சட்டத் தடை எதுவும் இல்லாத 21 வயது நிரம்பியவருக்குக் கைத்துப்பாக்கி எடுத்துச்செல்ல லைசென்ஸ் தேவையில்லை. வெளியே தெரிந்தால் ஹோல்ஸ்டரில், அதாவது துப்பாக்கி உறையில், இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரைபிளுக்கு லைசென்ஸ் முன்பும் கிடையாது. பிறரைக் கலவரப்படுத்தும் நோக்கத்தோடு காட்டினால் மட்டுமே குற்றம், அந்த நோக்கத்தை நிரூபிப்பது கடினம். இப்படிச் சட்டப்படி எடுத்துவரும் கைத்துப்பாக்கிக்கு நகர நிர்வாகம் தன் பூங்காவில் தனித் தடை போட மாநிலச் சட்டம் விடாது. எனவே உங்கள் "வேண்டாம்" பூங்காவில் வெறும் வேண்டுகோள்தான்.

தனியார் மண்டபம் என்றால் நிலைமை மாறும். வாசலில், டெக்சாஸ் குற்றச் சட்டத்தின் 30.07 பிரிவு சொல்லும் தடைப் பலகையை வைக்கலாம்: ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், பின்னணியோடு மாறுபட்ட நிறத்தில், குறைந்தது 1 அங்குல உயர எழுத்தில். அது லைசென்ஸ் உள்ளவர் வெளியே தெரியும்படி கொண்டுவரும் கைத்துப்பாக்கிக்கு மட்டும். லைசென்ஸ் இல்லாமல் வருபவருக்கு 30.05 பிரிவின்படியான அறிவிப்பு வேறு. ஒன்றை மாட்டிவிட்டு இரண்டும் ஆயிற்று என்று நினைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

கார்குழலி

சட்டத்தை விட்டுவிட்டுத் தரையில் நடப்பதைப் பாருங்கள். 2016 ஜூலை 7, டல்லஸ் ஊர்வலம். ஐந்து போலீசார் சுட்டுக்கொல்லப்பட்ட அந்த இரவில், கூட்டத்தில் 20 முதல் 30 பேர் தோளில் ரைபிளோடு இருந்தார்கள். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே வெடிச்சத்தம் எதிரொலிப்பதால் எந்தத் திசையிலிருந்து சுடுகிறார்கள் என்று யாருக்கும் பிடிபடாது. அப்போது ரைபிளோடு ஓடுகிற ஒவ்வொருவரும் சந்தேக ஆள்தான். எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரின் படத்தைப் போலீசே 'சந்தேக நபர்' என்று வெளியிட்டது. அவரை யாராவது சுட்டிருந்தால்?

2025 ஜூனில் சால்ட் லேக் சிட்டியில் அந்த 'யாராவது' வந்தே விட்டார். ரைபிளோடு நின்ற ஒருவரைத் தாக்குதல்காரர் என்று நினைத்து, பேரணியின் பாதுகாப்புத் தொண்டரே சுட்டார். குண்டு ரைபிள்காரர்மீதும் பட்டது. உயிர் போனது கூட்டத்தில் நடந்துகொண்டிருந்த வேறொருவருக்கு.

ஒற்றை முனையில் கட்டிய ஸ்லிங் பட்டை இன்னொரு சிக்கல். கையை எடுத்ததும் ரைபிள் ஊசலாடும், குழல் முனை பக்கத்தில் நிற்பவரின் கால்களைத் தடவிக்கொண்டே போகும். நெரிசலில் பின்னாலிருந்து இழுத்தால் கட்டுப்படுத்தவும் முடியாது. இடுப்புத் துப்பாக்கிக்கும், பூட்டில்லாத வெறும் உராய்வு ஹோல்ஸ்டர் என்றால், எவரும் உருவிவிடலாம்.

ஆலமரம்

எதிர்ப்பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். 2020 ஜனவரி 20, வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டில் துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள் ஏறத்தாழ 22,000 பேர் கூடினார்கள், ஆயிரக்கணக்கானோர் ஆயுதத்தோடு. ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை.

வரலாறும் உண்டு. 1967இல் கறுப்பின உரிமை அமைப்பான கருஞ்சிறுத்தைகள் ஆயுதத்தோடு சாக்ரமென்டோவில் உள்ள கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் போன அதே ஆண்டில்தான், தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தத் தடைவிதித்த மல்ஃபோர்ட் சட்டத்தில் அப்போதைய ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார். தடைச் சட்டங்கள் யாரைக் குறிவைத்து வந்தன என்பதை மறந்துவிட்டு 'பொதுப் பாதுகாப்பு' என்று பேசுவதை என்னால் ஏற்க முடியாது. பூட்டுள்ள ஹோல்ஸ்டரில் அமைதியாக இருக்கும் கைத்துப்பாக்கியையும், மார்புக்குக் குறுக்கே கையில் பிடித்த ரைபிளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கார்குழலி

ஆலமரம், மல்ஃபோர்ட் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஹோல்ஸ்டர், ரைபிள் வித்தியாசமும் சரி. ரிச்மண்டில்தான் உடன்பட மாட்டேன். அங்கே சட்டமன்ற வளாகத்துக்குள் ஆயுதத்தை ஆளுநர் தடைசெய்து, சோதனை செய்துதான் உள்ளே விட்டார்கள். அது ஒருபுறம். ஆண்டுதோறும் அதே நாளில் கூடும் துப்பாக்கி வன்முறை எதிர்ப்பாளர்கள் அந்த ஆண்டு தங்கள் கூட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். தோட்டா வெடிக்கவில்லை, ஆனால் மாற்றுக் குரலும் எழவில்லை. கூட்டத்தில் ஆயுதம் பொருந்தாது என்று நான் சொல்வதற்கு விபத்தைவிடப் பெரிய காரணம் இதுதான்.

சட்டமணி

முல்லைநிலவன், டெக்சாஸ் பூங்காவில் நடத்துவதானால்: ஆயுதம் வேண்டாம் என்ற வேண்டுகோளை அழைப்பிலேயே போடுங்கள். தொண்டர்கள் ஒருவரிடமும், மறைத்துக்கூட, ஆயுதம் இருக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். அவர்கள் உங்கள் ஆட்கள் என்பதால் இதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. போலீசோடு பேச ஒரே ஒருவரை நியமியுங்கள். யாராவது ரைபிளோடு வந்தால் சூழ்ந்துகொள்ளவோ "துப்பாக்கி!" என்று கத்தவோ வேண்டாம். உடை நிறம், நிற்கும் இடம், கை விசையருகே இருக்கிறதா, பட்டையில் தொங்குகிறதா என்பதை அந்த ஒருவருக்குச் சொன்னால் போதும், மேற்கொண்டு அவர் போலீசிடம் பேசுவார்.