பொருள்: 'சர்க்யூட் பெண்டிங்' – தமிழில் என்ன?

அன்புடையீர்,
பள்ளிப் பயிலரங்குக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பேட்டரியில் ஓடும் பொம்மை கீபோர்டைத் திறந்து, உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகையில் இரண்டு புள்ளிகளை வயரால் இணைத்துப் புது ஒலிகள் எடுக்கும் கலை. அமெரிக்காவின் ரீட் கஸாலா 1992இல் வைத்த பெயர் 'சர்க்யூட் பெண்டிங்'. இப்போதைக்கு 'சுற்றுவளைப்பு' என்று எழுதியிருக்கிறேன். சரிவருமா?
– மதுரை

> சுற்றுவளைப்பு
வேண்டாம் ஐயா. எங்கட பக்கம் சுற்றிவளைப்பு எண்டால் படையினர் ஊரை அடைத்துத் தேடுவது. ஒரெழுத்துத்தான் வித்தியாசம். 'மின்சுற்றுத் திரிப்பு' எண்டு வைக்கலாமே?
– யாழ்ப்பாணம்

திரிப்பு என்றதும் 'உண்மையைத் திரித்தல்' நினைவுக்கு வருகிறது. 'சுற்றுக்கோட்டம்' பாருங்கள். கோடுதல், வளைதல். வள்ளுவர் 'சொற்கோட்டம்' என்கிறார். யானைக் கொம்பும் கோடு, சங்கும் கோடு, ஊதும் கொம்பும் கோடு. இசையோடு பிறந்த சொல்.
– தஞ்சாவூர்

கோட்டம் என்றால் பிள்ளைகளுக்குக் கோயில்தான் ஞாபகம் வரும். கை செய்வதைப் பார்த்துப் பெயர் வைப்போம். ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தபடி, முதலைக் கிளிப் வயரின் ஒரு முனையை ஒரு புள்ளியில் மாட்டி, மறுமுனையால் மற்ற புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே போகிறோம். ஒலி மாறும் இடத்தை மார்க்கரால் குறித்து, பிறகு அங்கே ஸ்விட்ச் பற்றவைக்கிறோம். சுருதிக்கு வழி வேறு. கருப்புப் பிசின் மூடிய சிப்புக்குப் பக்கத்தில், சிப்பை ஓட்டும் கடிகாரத் துடிப்பின் வேகத்தை முடிவு செய்யும் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். ஈர விரலால் அதன் இரு முனைகளையும் தொட்டால் சுருதி ஏறும். அதைக் கழற்றிவிட்டு 1 மெகா ஓம் வால்யூம் கண்ட்ரோல் போடலாம். கூடவே தொடராக ஒரு சாதா ரெசிஸ்டரும் வேண்டும். இல்லையென்றால் திருகு கடைசிக்குப் போனதும் துடிப்பு எகிறி சிப் நின்றுவிடும். பேட்டரியைக் கழற்றினால்தான் மீளும் என்பதால் பேட்டரி வயரிலும் ஒரு ஸ்விட்ச். அந்தத் துடிப்புக்கு ரெசிஸ்டருக்குப் பதில் படிகம் (கிரிஸ்டல்) வைத்த கீபோர்டில் இந்த ரெசிஸ்டர் வேலை நடக்காது.

இதில் வளைவு எங்கே இருக்கிறது? 'குறுக்கிணைப்பு' என்பேன்.
– கோவை

> குறுக்கிணைப்பு
'குறுக்குச் சுற்று' என்று ஷார்ட் சர்க்யூட்டுக்குப் பாடநூலில் இருக்கிறது. பேட்டரியின் இரு முனைகளை நேராக இணைத்தால் வயர் சுடும், பலகை போகும் என்று முதல் பக்கத்திலேயே எச்சரிக்கிறோம். வீட்டு மின்சாரத்தில் ஓடும் எதையும் திறக்கவே கூடாது என்பது அதற்கும் முந்தின வரி. செய்யாதே என்பதற்கும் செய் என்பதற்கும் ஒரே சொல்லா?
– மதுரை

பெண்டிங் என்றே எழுதுங்கள். பிள்ளைகள் யூடியூபில் தேடப்போவது அந்தச் சொல்லைத்தான்.
– சென்னை

சைக்கிள் கடையில் 'பெண்டு எடுப்பது' என்றால் நிமிர்த்துவது. அந்தச் சொல் ஏற்கெனவே தமிழில் எதிர்த்திசையில் ஓடுகிறது.
– தஞ்சாவூர்

எல்லாரும் களைத்துவிட்டோம். தலைப்பு 'மின்சுற்றுத் திரிப்பு'. முதல் இடத்தில் மட்டும் 'சர்க்யூட் பெண்டிங்' சேர்க்கிறேன்.
– மதுரை

டிஸ்டார்ஷனுக்கு ஏற்கெனவே 'ஒலித்திரிபு' போட்டிருக்கிறீர்களே?
– கோவை

திரிதல் தன்வினை, திரிபு. திரித்தல் பிறவினை, திரிப்பு. ஒலி தானாத் திரியுது, சுற்றை நாங்கள் திரிக்கிறம். இலக்கணம் சுத்தமாப் பொருந்துது.
– யாழ்ப்பாணம்

ஏட்டில் பொருந்தும். வகுப்பில் காதால் கேட்கும் பிள்ளைக்கு ஒரு 'ப்' மட்டும்தான் வேறுபாடு. என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.
– கோவை