கிண்டியில் வேலை: தாம்பரமா, முடிச்சூரா, கூடுவாஞ்சேரியா?

கேள்வி:
அலுவலகம் கிண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். இரண்டு படுக்கையறை வாடகை வீடு தேடுகிறோம். இந்த மூன்றில் எது சரிவரும்? மழைக்காலம்தான் பயம்.

பதில் 1:
தினமும் மின்சார ரயில் என்றால் தாம்பரம்தான். கிண்டி வழியாகச் சென்னைக் கடற்கரை நிலையம் போகும் வண்டிகள் நிறைய அங்கிருந்தே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும். கூடுவாஞ்சேரி வரை வருபவை குறைவு, ஒன்றை விட்டால் காத்திருக்க வேண்டும். வாடகை அங்கே மலிவு என்பது உண்மை.

பதில் 2:
முடிச்சூர் வெள்ளத்துக்குப் பலரும் செம்பரம்பாக்கம் ஏரியைக் காரணம் சொல்வார்கள். அந்த ஏரியின் உபரிநீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேர்கிறது; முடிச்சூர் அதற்கும் மேலே, ஆறு வரும் பக்கம். 2015-ல் அங்கே புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வந்த தண்ணீர். ஆகவே ஊரையே ஒதுக்காதீர்கள், தெருவைப் பாருங்கள். சுற்றுச்சுவரில் தண்ணீர்க் கறை இருக்கிறதா, கரண்ட் மீட்டரை உயரத்தில் மாற்றியிருக்கிறார்களா, வாசல் சாலையைவிடத் தாழ்வா? தரகரை விட்டுவிட்டு, தெருவில் இஸ்திரி போடுபவரிடம் விசாரியுங்கள்.

பதில் 3:
அட்வான்ஸ் தருமுன் போர்வெல் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) பாருங்கள். 500-க்குள் நல்லது, 2000 தாண்டினால் குடிக்க ஆகாது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.