புதுப்பிப்பு: மெக்கட்ரானிக்ஸ் எம்.இ. முதல் பருவம் முடிந்தது

இயந்திரப் பொறியியல் மட்டுமே படித்த எனக்கு, இயந்திரவியலும் மின்னணுவியலும் இணைந்த மெக்கட்ரானிக்ஸ் முதுநிலைப் படிப்பு ஒத்துவருமா என்று சென்ற ஆண்டு இங்கே கேட்டிருந்தேன்; மின்னணுவியலுக்கு அஞ்ச வேண்டாம், கருவிகளை விரும்பியபடி இயங்கவைக்கும் கட்டுப்பாட்டியலுக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும் என்று பலர் எழுதியிருந்தீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் சேர்ந்து முதல் பருவத்தை முடித்துவிட்ட நிலையில், அந்த அறிவுரை மிகச் சரியானது என்று நன்றியுடன் சொல்கிறேன்.

மோட்டார் ஒன்றைக் குறித்த கோணத்தில் நிறுத்துவதே ஆய்வகப் பயிற்சி. மோட்டார் தண்டின் சுழற்சியை அளக்கும் உணரியான என்கோடர் சுற்றுக்கு 600 துடிப்புகள் தரும்; அதன் இரண்டு அலைகளிலும் ஏற்றம், இறக்கம் அனைத்தையும் எண்ணினால் 2,400 படிகள், அதாவது படிக்கு 0.15 பாகை கிடைக்கிறது. அவ்வளவு நுட்பமாக அளந்தும் தண்டு இலக்கைத் தாண்டிப்போய் ஆடிக்கொண்டே இருந்தது. மோட்டாருக்குத் தரும் மின்னழுத்தம் உச்சத்தை எட்டிய பிறகும் இலக்குக்கும் தண்டின் நிலைக்கும் உள்ள வேறுபாட்டை, அதாவது பிழையை, வைத்து மோட்டாரை இயக்கும் பி.ஐ.டி. கட்டுப்படுத்தியில், பிழையைக் கூட்டிவரும் பகுதியான தொகையீட்டு உறுப்பு அதைச் சேர்த்துக்கொண்டே போனதுதான் காரணம் என்பது இரண்டு நாள் கழித்தே புரிந்தது. அந்தத் தொகைக்கு வரம்பு வைத்ததும் தண்டு அடங்கி நின்றது. இயந்திரவியலையும் மின்னணுவியலையும் சேர்த்து 1969இல் ஜப்பானின் யாஸ்கவா நிறுவனத்தின் டெட்சுரோ மோரி உருவாக்கிய ‘மெக்கட்ரானிக்ஸ்’ என்ற பெயரின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

இந்த ஆண்டு சேரவிருப்போர் கட்டுப்பாட்டியலுக்கு அடிப்படைக் கணிதமான லாப்லாஸ் உருமாற்றத்தை விடுமுறையிலேயே ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள்.