புதுப்பிப்பு: காரைக்குடி உணவுத் திருவிழா, கார் நிறுத்திய கதை

கொப்புடையம்மன் கோயில் பக்கம் நடக்கும் உணவுத் திருவிழாவுக்கு, முழங்கால் வலியுள்ள அப்பத்தாவோடு போகிறோம், காரை எங்கே நிறுத்தலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நல்லபடியாகப் போய் வந்துவிட்டோம்.

உங்களில் பலர் சொன்னபடி காரைப் புதிய பஸ் நிலையப் பக்கமே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். ஏறும் முன்பே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்ததுமே கிளம்பியதால் நெரிசலில் சிக்கவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பின்தெருக்கள் ஆளரவமற்றுக் கிடக்கின்றன என்று அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள். நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். சமையற்கட்டு பின்கட்டில்தான். ஒரு வீட்டின் பின்வாசலை யாரோ காரால் அடைத்துவிட்டுப் போக, அந்த ஆச்சி தண்ணீர்க் குடத்தோடு படியிலேயே நின்றிருந்தார். பார்க்கவே மனம் கொதித்தது.

திருவிழாவில் எங்களை நிறுத்தி வைத்தது வெள்ளைப் பணியாரம். மாவைக் கரண்டியால் ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்றி, நிறம் மாறும் முன் எடுத்துவிடுகிறார்கள். கூடவே காரமான மிளகாய்த் துவையல். அப்பத்தாவே "பதம் சரியாக இருக்கிறது" என்றார். அவர் லேசில் அப்படிச் சொல்லிவிட மாட்டார்.

சென்னையிலிருந்து வர வழி கேட்டவருக்கு: பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடிவரை வருகிறது. ஆனால் வந்து சேர இரவாகிவிடும், முந்தின நாளே கிளம்புங்கள்.