டிஎஸ்சி-யை நம்பலாமா, எச்பிஇடி-லயே கெடக்கணுமா?

கர்சர்: ரெண்டு சாக்கெட் சர்வர், அதாவது ரெண்டு சிபியு சிப், பழைய லினக்ஸ் கெர்னல். டைம் பாக்க டிஎஸ்சி-னு சிபியுக்குள்ள ஒரு கவுண்டர், எச்பிஇடி-னு சிபியு கோருக்கு வெளிய ஒரு டைமர். லோடு ஏறினதும் லாக்ல டிஎஸ்சி அன்ஸ்டேபிள்னு ஒரு வரி, தானாவே எச்பிஇடி-க்கு மாறிடுச்சு, அதோட டேட்டாபேஸும் படுத்துடுச்சு. டிஎஸ்சி-ய செக் பண்ணாம நம்புன்னு கெர்னலுக்கு சொல்ற டிஎஸ்சி=ரிலையபிள் பூட் ஆப்ஷன் போட்டுடலாமா?

நானோநொடி: தாராளமா போடுங்க. டிஎஸ்சி கோர்லயே இருக்கு, சில பத்து சைக்கிள்ல படிச்சிடலாம், சிஸ்டம் கால் கூட வேணாம். எச்பிஇடி மொத்த மெஷினுக்கும் ஒண்ணே ஒண்ணு, எல்லா கோரும் அதுகிட்ட க்யூல நிக்கணும், ஒவ்வொரு தடவையும் கெர்னலுக்குள்ள போய்ட்டு வரணும், டேட்டாபேஸ் ஓயாம டைம் கேட்டுக்கிட்டே இருக்கும், அப்புறம் படுக்காம என்ன செய்யும்?

பழையபோர்டு: கொஞ்சம் பொறுங்க. 2005 வாக்குல ஏஎம்டி டூயல் கோர் வந்தப்ப ரெண்டு கோர் டிஎஸ்சியும் ஆளுக்கொரு பக்கம் ஓடுச்சு, த்ரெட் கோர் மாறினா டைம் பின்னாடி போகும், விண்டோஸ் எக்ஸ்பில பூட் ஃபைல்ல ஆப்ஷன் போட்டு, சிப்செட்ல இருக்கிற பிஎம் டைமருக்கு மாத்தி சமாளிச்சாங்க.

நானோநொடி: அந்த காலத்து கதை சார். இப்ப இன்வேரியன்ட் டிஎஸ்சி வந்தாச்சு. சிபியு ஸ்பீடு மாறினாலும் தூங்கினாலும் கவுண்டர் ஒரே வேகத்துல போகும். நீங்க சொல்ற பிஎம் டைமர் மட்டும் யோக்கியமா? 24 பிட்டு, 4.7 செகண்டுல சுத்தி பூஜ்ஜியத்துக்கு வந்துடும், சில சிப்செட்ல மூணு தடவ படிச்சு பாத்தா தான் நம்பவே முடியும்.

பழையபோர்டு: இன்வேரியன்ட்னு சிபியு சொல்றது வேகத்துக்கு மட்டும் தான் கேரண்டி. எல்லா சாக்கெட்லயும் ஒரே எண் ஓடுதாங்கிறதுக்கு யாரு கேரண்டி? கெர்னலுக்கே தெரியாம எஸ்எம்எம்-னு ஃபர்ம்வேர் மட்டும் ஓடுற மோடுல புகுந்து டிஎஸ்சி-ய மாத்தி எழுதுற பயாஸ் இருக்கு, அத புடிக்கத்தான், மாத்தினது பதிவாகிற டிஎஸ்சி அட்ஜஸ்ட் ரெஜிஸ்டர கெர்னல் செக் பண்ணுது. நீங்க சொல்ற ஆப்ஷன் பூட்ல நடக்கிற செக்கையும் சேர்த்து தூக்கிடும். ஸ்லோ ஆனா திட்டுவாங்க, அவ்ளோதான். டைம் பின்னாடி போனா டேட்டாவே நாசம்.

அரைடிக்: ரெண்டு பேரும் கெர்னல்ல கடிகாரத்த கண்காணிக்கிற வாட்ச்டாக்க விட்டுட்டீங்க. அது அரை செகண்டுக்கு ஒரு தடவ டிஎஸ்சி-யையும் எச்பிஇடி-யையும் படிச்சு ஒப்பிடுது. ரெண்டு ரீடுக்கும் நடுவுல எஸ்எம்எம்-க்கு இழுத்துட்டு போற எஸ்எம்ஐ இன்டரப்ட் ஒண்ணு புகுந்தாலோ, லோடுல எச்பிஇடி ரீடு இழுத்தாலோ, கணக்கு இடிக்கும், பழி டிஎஸ்சி மேல. லோடு ஏறினப்ப மட்டும் வந்துச்சுன்னா எனக்கு சந்தேகம் அங்கதான். புது கெர்னல்ல கேப் பெருசா இருந்தா திரும்ப படிச்சு பாக்குது, தகுதியான சின்ன மெஷின்ல வாட்ச்டாக்கையே விட்டுடுது. சொல்லப்போனா எச்பிஇடி-யும் சுத்தம் இல்ல, இன்டெல்லோட காஃபி லேக் சிபியுல ஆழ்ந்த ஸ்லீப்ல நின்னே போகுதுன்னு லினக்ஸே ஆஃப் பண்ணி வச்சிருக்கு.

நானோநொடி: அதத்தான் நானும் சொல்றேன்!

பழையபோர்டு: இல்ல, நீங்க செக்கையே நிறுத்த சொன்னீங்க. அவரு செக்க ஒழுங்கா பண்ண சொல்றாரு.

அரைடிக்: கர்சர், முதல்ல பூட் லாக்ல டிஎஸ்சி அட்ஜஸ்ட் பத்தி ஃபர்ம்வேர் பக்னு வரி இருக்கான்னு தேடுங்க. இருந்தா பயாஸ் அப்டேட், ஆப்ஷன் பக்கமே போகாதீங்க. இல்லன்னா கெர்னல மாத்தி அதே லோடு குடுத்து பாருங்க.

கர்சர்: தேடிட்டேன், அந்த வரி இல்ல. புது கெர்னல் ஏத்துறேன்.

நானோநொடி: அதுவரைக்கும் எச்பிஇடி-லயே ஓட்டுங்க, யூசர் வந்து கத்தட்டும்.