சிஐ-ல மட்டும் ஈஎஸ்லிண்ட் கேச் வேலைக்கே ஆகல, என்னா காரணம்?

சுங்கைப்பையன்:
வணக்கம் மக்களே, சுங்கை சிப்புட்ல இருந்துக்கிட்டு கேஎல் (கோலாலம்பூர்) கம்பெனி ஒன்னுக்கு வீட்டுலேருந்தே வேலை பாக்குறேன், டைப்ஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட், ஆயிரத்து சொச்சம் ஃபைல். கோடுல தப்பு தேடுற ஈஎஸ்லிண்ட் டூல் இருக்குல்ல, அந்த லிண்ட் ஓடி முடிய நாலு நிமிஷம், அதுக்குள்ள ஒட்டுக்கடைக்குப் போயி தே தாரிக் (ஆத்துன பால் டீ) வாங்கிட்டு வந்துரலாம். முன்ன பாத்தத ஞாபகம் வச்சு மாறுன ஃபைல மட்டும் பாக்க கேச் ஃப்ளாக் போட்டேன், லேப்டாப்ல ரெண்டாவது தடவ பத்து செகண்டுல முடிஞ்சிருச்சு. சிஐ-ல, அதான் கோட் ஏத்துனதும் தானா செக் பண்ணுற சர்வர்ல, அதே நாலு நிமிஷம் லா! கேச் ஃபைல சேவ் பண்ணி அடுத்த ரன்ல திரும்பப் போடுறேன், லாக்ல ரீஸ்டோர் ஆச்சுன்னு தான் வருது. இன்னொன்னு, லேப்டாப்லயும் சில நாள் காலைல பாத்தா கேச் ஃபைலயே காணோம்.

செம்பனைக்காடு:
தம்பி, நீ ஒன்னும் சொல்லலன்னா ஈஎஸ்லிண்ட் மெட்டாடேட்டா மட்டும் தான் பாக்கும், ஃபைல் எப்ப மாறுச்சு, சைஸ் என்னா, அவ்ளோதான். சிஐ ஒவ்வொரு தடவையும் ரிப்போவ (கோட் மொத்தமும் இருக்குற இடம்) புதுசா இறக்குது, கோட் மாத்தத்த பதிஞ்சு வைக்கிற கிட் பழைய நேரத்த வச்சிருக்காது, இறக்குன நேரம் தான் எல்லா ஃபைல் மேலயும் விழும். எஸ்டேட் பெரட்டுல (காலைல ஆள் கணக்கு எடுக்குறது) மூஞ்சிய பாக்காம சட்டைய பாத்து ஆள் கணக்கு எடுக்குற கிராணி (எஸ்டேட் கிளார்க்) மாதிரி, சட்டை மாறுனா அவருக்குப் புது ஆளு. கேச்-ஸ்ட்ராட்டஜிய கன்டென்ட்னு போடு, உள்ள இருக்குறத ஹேஷ் பண்ணி (ஒரு சின்ன குறியீடா மாத்தி) ஒப்பிடும், ஈஎஸ்லிண்ட் 7.21-லேருந்தே இருக்கு. கான்ஃபிக், ஈஎஸ்லிண்ட் வெர்ஷன், நோட் வெர்ஷன் எது மாறுனாலும் மொத்தமும் மறுபடி முதல்லேருந்து தான்.

ராத்திரிஷிப்ட்:
ஃபைல் காணாம போறது பேய் இல்ல. ஃப்ளாக் இல்லாம ஒரு தடவ ஈஎஸ்லிண்ட் ஓட்டுனாலே இருக்குற கேச் ஃபைல அதுவே அழிச்சிரும். வேற ஸ்கிரிப்ட் எதுவும் ஓடுதான்னு பாருங்க.

ஆனா டைப் பாக்குற ரூல்ஸ் (மத்த ஃபைல்ல இருக்குறதையும் சேத்துப் பாக்குறது) வச்சிருந்தா கேச்ச முழுசா நம்பாதீங்க. ஒரு ஃபைல்ல ஃபங்ஷன நான் அசின்க் (முடிவு பின்னாடி வர்ற மாதிரி) ஆக்குனேன், அத கூப்புடுற இன்னொரு ஃபைல்ல அவெய்ட் (முடிவு வர்ற வரைக்கும் நில்லுன்னு சொல்றது) போடல, அந்த ஃபைல் ஒரு எழுத்து கூட மாறலல்ல, அதனால கேச் பழைய ஓகேவையே காட்டிருச்சு. மூணு நாள் கழிச்சு தான் தெரிஞ்சுது. இப்ப கமிட்டுக்கு மட்டும் கேச், மெர்ஜுக்கு (மெயின் கோடோட சேக்குறது) முன்னாடி கேச் இல்லாம முழு லிண்ட்.

சுங்கைப்பையன்:
அண்ணே, கன்டென்ட் போட்டேன், சிஐ நாப்பது செகண்ட்! கேச்ச தூக்குனது நான் எழுதுன ராத்திரி ஸ்கிரிப்ட் தான், வெக்கமா இருக்கு. மெர்ஜுக்கு முழு லிண்ட்டும் வச்சாச்சு, தே தாரிக் அங்க குடிச்சிக்கிறேன்.